தர்மபுரில இருந்து சிக்பேட் போய் கல்யாண ஜவுளி எடுக்கணும், ரயிலா பஸ்ஸா?

பாலக்கோட்டுப் பொண்ணு:
தை மாசம் தங்கச்சி கல்யாணம்ங்க. முகூர்த்தப் பட்டு, வெச்சுக் குடுக்கற சேலை எல்லாம் பெங்களூர் சிக்பேட்லயே எடுத்துடலாம்னு அம்மா சொல்றாங்க. அவங்களுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது, ராத்திரிக்குள்ள வீடு திரும்பியாகணும். ரயில்ல சிட்டி ஸ்டேஷன் போய் எறங்கிக்கலாமா? தம்பிக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு, அன்னிக்குப் போனா கடை இருக்குமா?

ஓசூர்க்காரன்:
ஞாயிறு வேணாம்ங்க, நெறைய ஜவுளிக்கடை பூட்டியிருக்கும், தம்பிய ஒரு நாள் லீவு போட சொல்லுங்க. எர்ணாகுளம் இன்டர்சிட்டி நம்ம ஊர் வழியாத்தான் சிட்டி ஸ்டேஷன் போகுது, ஆனா போய் சேர்றதே ராத்திரி ஆயிடும், கோயமுத்தூர் வந்தே பாரத் கன்டோன்மென்ட்டோட நின்னு மதியமே திரும்பிடும், ரெண்டும் ஜவுளி எடுக்க ஒத்து வராது. பஸ்ல போய் பொம்மசந்திரால எறங்கிடுங்க, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்கு முன்னாடியே வரும், கண்டக்டர்கிட்ட ஏறும்போதே சொல்லி வெச்சுடுங்க. 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ அங்க இருந்துதான் ஆரம்பிச்சிருக்கு. ஆர்.வி. ரோடுல பச்சை லைன் மாறினா கே.ஆர். மார்க்கெட், அதுக்கு அடுத்தது சிக்பேட். சிட்டி ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற மெஜஸ்டிக் அதுக்கும் அடுத்த ஸ்டாப், அங்க போய் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவுல அந்தக் கூட்டத்துல அம்மா மாட்ட வேண்டியதே இல்ல. மெட்ரோல லிஃப்ட்டும் இருக்கு.

பென்னாகரம் பட்டுக்காரர்:
பாப்பா, நாங்க பட்டுக்கூடு போடறவங்க, அதனால சொல்றேன். பட்டுன்னு சொன்னதும் காச எண்ணிக் குடுத்துடாத. சுத்தப் பட்டுக்குக் குடுக்கற சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு பாரு. இல்லேன்னா முந்தானை ஓரத்துல தொங்கற நூல்ல ஒண்ணு கேட்டு வாங்கி தீக்குச்சில காட்டு, ஜரிகை வேணாம், வெறும் நூலு. நெசப்பட்டுன்னா முடி கருகற வாசனை வரும், சாம்பல விரல்ல நசுக்கினா பொடியா உதிரும். பாலியெஸ்டர்னா உருகி கெட்டியா உருண்டை கட்டிக்கும். காட்ட மாட்டேன்னு சொல்ற கடைல முகூர்த்தப் பட்டு எடுக்கவே எடுக்காத.

கேஜிஐ தினேஷ் அண்ணன்:
எங்க கிருஷ்ணகிரிக்கு ரயிலே கெடையாது, அதனால பஸ்ஸுதான் எங்களுக்கு எப்பவும். வெச்சுக் குடுக்கற சேலைய மொத்தக் கடைல கேளுங்க, ஒண்ணு ரெண்டுன்னா தர மாட்டான், கட்டா எடுத்தா வெல நல்லா கொறையும். அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட்ல கவரிங் செட்டு அருமையா கெடைக்கும், சீரியல் லைட்டுக்கு பி.வி.கே. ஐயங்கார் ரோடு. கே.ஆர். மார்க்கெட்ல பூவப் பாத்து ஆசப்பட்டு வாங்கிடாதீங்க, ஓசூர் பக்கம் நம்மாளுங்க வெளைய வெக்கற பூவே அங்க போகுது, இங்கயே எடுத்துக்கலாம். பதினோரு மணி வாக்குல போனா எல்லா கடையும் தொறந்திருக்கும். அம்மாவ ஒரே பட்டுக்கடைல உக்கார வெச்சுட்டு மீதிய நீங்களும் தம்பியும் சுத்துங்க.

பாலக்கோட்டுப் பொண்ணு:
ரொம்ப தேங்க்ஸ்ங்க எல்லாருக்கும். தம்பி புதன்கிழமை லீவு சொல்லிட்டான். பட்டுக்கார மாமா, ஜரிகைய எப்படி பாக்கறதுன்னும் சொல்லிடுங்க.