எட் ஷீரனின் ‘சப்ட்ராக்ட்’: கதை தெரியாமல் கேட்டால் நெஞ்சைத் தொடுமா?

மாடிப்படி (14 மே 2023, இரவு 10.40)

மே 5ஆம் தேதி வெளிவந்ததிலிருந்து ஆங்கிலப் பாடகர் எட் ஷீரனின் ‘சப்ட்ராக்ட்’ ஆல்பத்தைத் தவிர வேறெதையும் நான் கேட்கவில்லை. தலைப்பு வெறும் கழித்தல் குறிதான். 2011இல் கூட்டல், 2014இல் பெருக்கல், 2017இல் வகுத்தல், 2021இல் சமம் என்று போன கணக்கு வரிசையில் இதுதான் கடைசி. மொத்தம் பதினான்கு பாட்டு.

அன்றைக்கு இரவு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் பாயைப் போட்டு, ஹெட்போனை மாட்டி, வரிசை மாற்றாமல் கேட்டேன். ‘சைக்கமோர்’ வந்தபோது படுத்திருக்க முடியவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: 2022 தொடக்கத்தில், ஒரே மாதத்துக்குள், எட் ஷீரனின் கர்ப்பமாக இருந்த மனைவிக்குக் கட்டி இருப்பதாகத் தெரிகிறது. குழந்தை பிறக்கும்வரை சிகிச்சைக்கு வழியில்லை. பிப்ரவரி 20ஆம் தேதி நெருங்கிய நண்பர் ஜமால் எட்வர்ட்ஸ் 31 வயதில் திடீரென்று இறந்துபோகிறார். போதாக்குறைக்கு, எட் ஷீரன் பாட்டைத் திருடினார் என்று லண்டனில் வழக்கு. பத்து வருடமாக இந்த ஆல்பத்துக்காகச் சேர்த்துவைத்த பாட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் எழுதியவற்றை வைத்தேன் என்று அவரே சொல்கிறார்.

அவர் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மூணு_கார்டு (இரவு 11.25)

வந்துவிட்டேன். நீங்கள் மேலே எழுதிய பின்னணிப் பத்தி என்னை உலுக்குகிறது. ஆல்பம் உலுக்கவில்லை. அதுதான் என் புகார்.

நான் எதையும் படிக்காமல் பேருந்தில் கேட்டேன். முதல் பாட்டு ‘போட்’, அலைகள் என் படகை உடைக்காது என்கிறார். இரண்டாவது ‘சால்ட் வாட்டர்’, கடல் விளிம்பில் நிற்கிறார். ஒரே தண்ணீர். துக்கம் என்றால் கடல், மனம் என்றால் படகு, மீட்சி என்றால் வெளிச்சம். இதை யார் வேண்டுமானாலும் யாருக்காக வேண்டுமானாலும் பாடலாம்.

‘ஐஸ் க்ளோஸ்ட்’ ஜமாலுக்கான பாட்டு என்கிறார்கள். முதலில் அது காதல் முறிவுப் பாட்டாக எழுதப்பட்டது, ஜமால் இறந்த பிறகு மாற்றி எழுதினார். எழுதியவர்கள் பட்டியலில், பாப் ஹிட் பாட்டுகளுக்குப் பேர்போன மாக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும் இருக்கிறார்கள். காதலியை எடுத்துவிட்டு இறந்த நண்பனை வைத்தாலும் அந்த ‘ஐ-ஐ-ஐ-ஐஸ்’ அப்படியே பொருந்துகிறது என்றால், பாட்டுக்குள் யார் இருந்தார்கள்?

வேகாத_தோசை (இரவு 11.31)

காதலியும் நண்பனும் ஒரே சைஸ் சட்டை போட்டிருக்கலாம் சார்.

மாடிப்படி (நள்ளிரவு 12.05)

கார்டு அண்ணா, அந்தப் பாட்டு எதைப் பற்றியது? வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போகிறான், எங்கே பார்த்தாலும் போனவர் தெரிகிறார், அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறான். காதலி போனாலும் இதுதான் நடக்கும், நண்பன் போனாலும் இதுதான் நடக்கும்.

கல்லூரித் தோழி ஒருத்தி இறந்த வருடம், நாங்கள் இருவரும் நிற்கும் டீக்கடையைத் தாண்டும்போது ஆறு மாதம் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். கடைக்காரர் ஒருநாள், “ஏம்மா, கோபமா?” என்று கேட்டார். எனக்கு அந்தப் பாட்டில் அவள் இருக்கிறாள். பொதுவாக எழுதியதால்தான் அவளுக்கு உள்ளே இடம் கிடைத்தது.

மூணு_கார்டு (15 மே, காலை 7.10)

தோழியைப் பற்றி நீங்கள் எழுதியதற்குத் தாமதமாகப் பதில் சொல்வதை மன்னியுங்கள், இரவே பார்த்தேன், உடனே பதில் எழுத மனம் வரவில்லை.

ஆனால் கவனியுங்கள். நீங்கள் எழுதிய நாலு வரியில் டீக்கடை இருக்கிறது, எதிர்ப்பக்கம் இருக்கிறது, “ஏம்மா, கோபமா” இருக்கிறது. எனக்கு உங்கள் தோழியைத் தெரியாது, ஆனால் இனி மறக்க மாட்டேன். எட் ஷீரன் அதைச் செய்யவில்லை என்கிறேன்.

என் அப்பாயி எங்கள் ஊரில் ஒப்பாரி சொல்வார். தெரியாத வீடு என்றால், உட்காருவதற்கு முன் அந்த வீட்டுப் பெண்களிடம் மெதுவாக ரெண்டு விஷயம் கேட்டுக்கொள்வார். ஆள் என்ன வைத்தார், என்ன வளர்த்தார், எந்தப் பிள்ளை மேல் உயிராக இருந்தார். ‘ராசாவே’ என்பது எல்லாச் சாவுக்கும் பொது. கிணற்றடித் தென்னை அவர் ஒருவருக்குத்தான். அது வரும்போதுதான் வீடு உடைந்து அழும்.

ஜமாலுக்குக் கிணற்றடித் தென்னை இல்லையா என்ன? பதின்ம வயதில் கையில் கேமராவோடு தெருவில் ராப் பாடுகிறவர்களைப் படம்பிடித்து, 2006இல் எஸ்பிடிவி என்று யூடியூப் சேனல் தொடங்கிய பையன். 2010இல், பெரிய நிறுவன ஆல்பம் எதுவும் வராத காலத்தில், கிட்டாரோடு வந்த ஒரு சிவப்புத் தலைமுடிக்காரனை அதில் பாடவிட்டவன். ‘லைஃப் கோஸ் ஆன்’ பாட்டில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? நீ போன பிறகு வாழ்க்கை எப்படி நகர்கிறது என்ற கேள்வி மட்டும்தான். நல்ல கேள்விதான். எல்லோருடைய கேள்வியும்தான்.

சித்திரைப்பூ (காலை 9.48)

அப்பாயி ஒப்பாரிக்கு வணக்கம். ஆனால் தமிழிலேயே எதிர்சாட்சி இருக்கிறது. புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டு. மொத்தம் ஐந்தே வரி. பாரி என்ற பெயர் இல்லை, பறம்பு என்ற பெயர் இல்லை. அடியில் இருக்கும் குறிப்பை மறைத்துவிட்டால் பாடியது யார் என்றே தெரியாது. வகுப்பில் வாத்தியார் முற்றுகைக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்கு வருவார். அதை யாரும் பாட்டின் குறை என்று சொன்னதில்லையே. கதையும் பாட்டும் சேர்ந்து வந்தால் என்ன நஷ்டம்?

மூணு_கார்டு (காலை 10.15)

நல்ல அடி. ஆனால் அந்த ஐந்து வரிக்குள் பாருங்கள். போன மாத நிலா, இந்த மாத நிலா. அன்று அப்பாவும் இருந்தார், குன்றும் எங்களுடையது. இன்று குன்றும் போயிற்று, அப்பாவும் இல்லை. ஜெயித்தவர்களின் முரசுச் சத்தம் வேறு. நடந்தது முழுக்க உள்ளேயே இருக்கிறது, வெளியே இருப்பது பெயர் மட்டும். குறிப்பை மறைத்தாலும் பாட்டு நிற்கும். எனக்குச் சாட்சி சொல்ல வந்ததற்கு நன்றி.

இரவுவானம் (பகல் 1.20)

சண்டைக்கு நடுவில் ஒரு தகவல், எந்தக் கட்சிக்கு உதவும் என்று தெரியவில்லை. ‘வேகா’ என்று ஒரு பாட்டு இருக்கிறதல்லவா, மனைவியின் நோய்க்காலத்தைப் பற்றியது. வேகா என்பது நம் ஆட்கள் அபிஜித் என்று சொல்லும் விண்மீன். சுமார் 25 ஒளியாண்டு தூரம். அது இருக்கும் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் லைரா, தமிழில் யாழ். எட் ஷீரனின் மூத்த மகள் பெயரும் லைராதான். தற்செயலாக இருக்காது என்று நினைக்கிறேன். அம்மாவைப் பற்றிய பாட்டின் தலைப்பில் மகளை ஒளித்து வைத்திருக்கிறார்.

மே மாதம் இரவு பத்து மணிக்கு மேல் வடகிழக்கில் பளிச்சென்று தெரியும், மாடிப்படி அங்கேயே பாய் போட்டால் பார்க்கலாம்.

வேகாத_தோசை (பகல் 1.26)

இந்தப் பெயர் வைத்தபோது எனக்கு வானியல் தெரியாது. இனி அபிஜித் தோசை என்று அழைக்கவும்.

பழைய_கேசட் (மாலை 6.02)

எல்லோரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குப் பிரச்சினை இந்த ஆல்பத்தைத் தயாரித்த ஆரன் டெஸ்னர். ‘தி நேஷனல்’ என்ற அமெரிக்க இசைக்குழுவில் அவர் செய்வது பிடிக்கும். 2020இல் டெய்லர் ஸ்விஃப்ட்டின் இரண்டு ஆல்பங்களில் செய்ததும் பிடித்தது. ஸ்விஃப்ட் சொல்லித்தான் எட் ஷீரனும் டெஸ்னரிடம் போனார். இப்போது அதே மங்கலான பியானோ, அதே தூரத்து வயலின், அதே புகைமூட்டம். டெஸ்னர் இசைத்தடத்தை அனுப்புவார், இவர் மேலே பாடுவார் என்ற முறையில் நிறையப் பாட்டுகள் உருவாயின. கேட்டாலே தெரிகிறது. தனியாளாக மேடையில் நின்று, வாசித்ததையே திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் லூப் பெடலை மிதித்து, கிட்டார் பெட்டியைத் தட்டி ஒரு மைதானத்தையே ஆட்டிய மனுஷன் எங்கே? ‘கர்ட்டன்ஸ்’ ஒன்றில்தான் எலக்ட்ரிக் கிட்டார் கொஞ்சம் பல்லைக் காட்டுகிறது.

மாடிப்படி (மாலை 6.40)

கேசட் சார், பத்து வருடமாக அவர் சத்தமாகத்தான் பாடினார். வீட்டில் இப்படி ஒரு வருடம் நடந்தவன் மைதானத்தை ஆட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ‘கர்ட்டன்ஸ்’ எட்டாவதாக வருகிறது. அதுவரை அறை முழுக்க மூடியிருந்தால்தானே, திரையை விலக்கு, வெயில் வரட்டும் என்று அவர் கேட்கும்போது நமக்கும் கண் கூசும்? அந்த ஒரு பாட்டைத் தனியாகக் கேட்டால் சாதாரண ராக் பாட்டு. வரிசையில் கேளுங்கள்.

சித்திரைப்பூ (இரவு 8.15)

வழக்கு பற்றி யாருமே பேசவில்லையே? மே 4ஆம் தேதி நியூயார்க்கில் இன்னொரு பாட்டுத் திருட்டு வழக்கிலும் ஜெயித்து, அடுத்த நாள் ஆல்பம். சாட்சிக் கூண்டில் கிட்டார் வாசித்துக் காட்டினாராம்!

மூணு_கார்டு (இரவு 8.50)

அதில் நான் முழுக்க அவர் பக்கம். என் பெயரைப் பார்த்தாலே தெரியுமே. கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், அப்படி நாலு கார்டு வரிசை யாருக்கும் சொந்தமில்லை. அதைப் பூட்டிவைத்தால் நாளைக்கு ஒருவரும் பாட்டு எழுத முடியாது.

மாடிப்படி (இரவு 8.58)

மாட்டினீர்கள். நாலு கார்டு எல்லோருக்கும் பொது, யாரும் எடுக்கலாம். கடலும் படகும் மட்டும் எடுத்தால் குற்றமா? ஒரு நியாயம்தான் வேண்டும், அண்ணா.

வேகாத_தோசை (இரவு 8.59)

ஜூரி கலைந்து வெளியே போகலாம்.

மூணு_கார்டு (இரவு 9.30)

பத்து நிமிடம் யோசிக்க வைத்துவிட்டீர்கள், உண்மையைச் சொல்கிறேன். என் பதில் இது: கார்டு அரிசி மாதிரி. எல்லா வீட்டிலும் அதே அரிசிதான். குழம்புதான் வீட்டுக்கு வீடு வேறு. இவர் குழம்பையும் கடையில் வாங்கியிருக்கிறார்.

கடைசிப் பாட்டு ‘தி ஹில்ஸ் ஆஃப் அபெர்ஃபெல்டி’யைப் பாருங்கள். பாடகர் ஃபாய் வான்ஸோடு சேர்ந்து எழுதிய பழைய பாட்டு அது. பழையதை எல்லாம் கழித்தேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பழையதையே பரிமாறினால் எப்படி?

நெறியாளர் (இரவு 9.41)

நடுவில் ஒருவர் பாடகரின் தலைமுடியைப் பற்றி எழுதியதை நீக்கியிருக்கிறேன். மற்றபடி நடக்கட்டும்.

மாடிப்படி (இரவு 10.20)

அபெர்ஃபெல்டி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். பாட்டு அழகு, இடம் தவறு. பதின்மூன்று பாட்டு துக்க வீட்டில் இருந்துவிட்டு யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் போய் நின்ற மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். பேருந்தில், கதை தெரியாமல் கேட்டபோது, ஒரு பாட்டுகூடவா உங்களைப் பிடிக்கவில்லை?

மூணு_கார்டு (16 மே, காலை 6.55)

இரவு திரும்பவும் கேட்டேன். வரிசையாக, லைட்டை அணைத்துவிட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே.

‘சைக்கமோர்’. பேருந்திலேயே அது என்னைப் பிடித்தது, சொல்லத்தான் கௌரவம் தடுத்தது. மருத்துவமனைக் காத்திருப்பு அறை அது. யாருக்கு என்ன நோய் என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பாவின் ஸ்கேன் முடிவுக்காக நான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. டோக்கன் நம்பர்கூட ஞாபகம் வந்தது, 47. அந்தப் பாட்டில் கடலும் இல்லை, படகும் இல்லை. ஒரு அறையும் ஒரு மரமும் போதுமானதாக இருந்தது.

‘டஸ்ட்டி’யும் பரவாயில்லை. மகளோடு உட்கார்ந்து ரெக்கார்டு போட்டுக் கேட்கும் அப்பா. அதில் ஆள் இருக்கிறான். ‘கர்ட்டன்ஸ்’, உங்கள் வரிசை வாதத்துக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். ‘வேகா’, வானக்காரருக்காக. ‘எண்ட் ஆஃப் யூத்’, அதில் அவர் பாட்டை விட்டுப் பேச்சாகக் கொட்டும் இடத்தில் அவசரம் உண்மையாக இருக்கிறது. ஆக ஐந்து. மிச்சம் ஒன்பதையும் கழித்தால் நல்ல ஆல்பம். தலைப்பும் பொருந்திவிடும்.

மாடிப்படி (காலை 7.20)

ஒன்பதையுமா! ‘ஐஸ் க்ளோஸ்ட்’டை நான் விட்டுத்தர மாட்டேன், டீக்கடைக்காக. அதைவிடுங்கள், ‘பார்டர்லைன்’ பாட்டை எந்தக் கணக்கில் வெட்டினீர்கள்? அதற்கு இன்றைக்குச் சாயங்காலம் தனியாக வருகிறேன், இப்போது ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.