ஜேன் அயர் படிக்காம தர்ஸ்டே நெக்ஸ்ட் சீரிஸ் படிக்கலாமா?

மழைக்காகிதம்:
எல்லாருக்கும் வணக்கம். ஜாஸ்பர் ஃபோர்டோட 'தி அயர் அஃபேர்' ஆரம்பிச்சு நூறு பக்கம் தாண்டியாச்சு, 2001ல வந்த புத்தகம், பழைய புத்தகக் கடையில அட்டைய பாத்து வாங்கினது. கதை 1985 இங்கிலாந்துல நடக்குது ஆனா நமக்குத் தெரிஞ்ச இங்கிலாந்து இல்ல, கிரிமியப் போர் 131 வருஷமா இன்னும் முடியல, வேல்ஸ் தனி சோஷலிசக் குடியரசு, வீட்டுல டோடோ பறவைய க்ளோன் பண்ணி வளக்கறாங்க, நாவலோட கையெழுத்துப் பிரதி திருட்டுப்போனா கண்டுபிடிக்க தனி போலீஸ் பிரிவே இருக்கு, அதுல வேலை பாக்கற தர்ஸ்டே நெக்ஸ்ட்தான் ஹீரோயின். சின்ன வயசுல அவ மியூசியத்துக்குப் போய் ஜேன் அயர் நாவலோட கையெழுத்துப் பிரதிக்குள்ள போயிட்டு வர்ற அத்தியாயம் இருக்கே, அத மட்டும் மூணு தடவ படிச்சேன்.

ஆனா பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது பழைய நாவல், ஏதாவது ஒரு பேரு வருது. இது ஜோக்குன்னு தெரியுது, என்ன ஜோக்குன்னு பிடிபடல. ஜேன் அயர் நான் படிச்சதே இல்ல, டிக்கன்ஸ் ஸ்கூல்ல நான்-டீடெயில்ல படிச்சதோட சரி. இப்ப இத மூடி வெச்சுட்டு ஜேன் அயர் படிச்சுட்டு வரணுமா இல்ல அப்படியே போயிடலாமா? 2012 வரைக்கும் ஏழு புத்தகம் வந்திருக்கு, ஏழுக்கும் இதே மாதிரி முன்கூட்டியே படிக்கற வேலை இருக்குமா? கதைய மட்டும் உடைச்சுடாதீங்க ப்ளீஸ்.

கரிசல்வாசகன்:
மூடி வெச்சுட்டு ஜேன் அயர் படிங்க, நான் தெளிவாவே சொல்லிடறேன். மத்த எந்தப் புத்தகமும் தெரியாம சமாளிச்சுடலாம், இது ஒண்ணு மட்டும் முடியாது. 38 அத்தியாயம், ஒரு மாசத்துல மெதுவா முடிச்சுடலாம். 1847ல சார்லட் பிராண்டி எழுதினது, ஆனா மொழி நீங்க பயப்படற அளவுக்குக் கஷ்டம் இல்ல, முழுக்க அந்தப் பொண்ணே "நான்"னு சொல்ற கதைங்கறதால நம்ம பக்கத்துல உக்காந்து பேசற மாதிரிதான் இருக்கும்.

ஏன் இவ்ளோ அழுத்தமா சொல்றேன்னா, தர்ஸ்டேவோட உலகத்துல ஜேன் அயருக்கு முடிவே வேற. அங்க இருக்கற வாசகர்கள் எல்லாரும் அந்த முடிவு சரியில்லன்னு காலங்காலமா வருத்தப்பட்டுக்கிட்டு இருக்காங்க. நமக்குத் தெரிஞ்ச முடிவு மனசுல இருந்தாதான் அந்த வருத்தம் என்னன்னு புரியும், கடைசி நூறு பக்கமும் அத வெச்சுதான் ஓடுது. இன்னொண்ணும் இருக்கு. ஜேன் கதை சொல்றவங்கறதால அவ இல்லாத நேரத்துல மத்த பாத்திரங்களுக்கு அங்க வேலையே கிடையாது, அவங்க இஷ்டத்துக்கு இருக்கலாம், தர்ஸ்டேயும் ஜேன் அயரோட நாயகன் ராச்செஸ்டரும் உக்காந்து பேசிக்கறதே அந்த இடைவெளியிலதான். "நான்"னு எழுதற நாவலோட இலக்கணத்தையே ஒரு கதவா மாத்தி வெச்சிருக்கார் மனுஷன். இத படிச்சதுக்கப்புறம் தன்மையில எழுதின எந்த நாவல எடுத்தாலும், இப்ப கதை சொல்றவ வெளிய போயிட்டாளே வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு.

கேபிள்கடை:
நான் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கேன், இலக்கியமெல்லாம் முறையா படிச்சவன் இல்ல, ஆனா இந்த சீரிஸ்ல அஞ்சு முடிச்சாச்சு. கரிசல்வாசகன் அண்ணே சொல்றத ஒத்துக்கறேன், ஆனா ஒரு விஷயம். எல்லா ஜோக்கும் இலக்கிய ஜோக் இல்லீங்க. தர்ஸ்டேவோட கூட்டாளி பேரு பவுடன் கேபிள். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் போடற, வெளிய உறை உள்ள கம்பி ஓடற அந்த கேபிளோட பேரே அதுதான், ஆர்டர் புத்தகத்துல நான் தினமும் பாக்கற பேரு. அத முதல் தடவ படிச்சப்ப அவ்ளோ சந்தோஷம், இந்தப் புத்தகத்துல எனக்கும் ஒரு இடம் இருக்குன்னு தோணிச்சு.

அதனால பேரையெல்லாம் வாய்விட்டு படிச்சுப் பாருங்க. அவ விரும்பற ஆள் பேரு லாண்டன் பார்க்-லேன், வேகமா சொன்னா 'லேண்ட் ஆன் பார்க் லேன்', அதாவது மோனோபலி ஆட்டத்துல பார்க் லேன் கட்டத்துல காய் வந்து நிக்கற மாதிரி கேக்கும். முதல் வரியிலயே ஒண்ணு இருக்கு, அழகில்லாத முகத்தப் பாத்தா கடிகாரமே நின்னுடும்னு இங்கிலீஷ்ல ஒரு பேச்சு வழக்கு, இதுல அவ அப்பா வந்தா நிஜமாவே நேரம் நின்னுடும், ஏன்னா அவர் காலத்துக்குள்ள போய் வர்ற பிரிவுல இருந்தவர். சொலவடைய அப்படியே நிஜமாக்கறது இவரோட பழக்கம், அது பிடிபட்டுட்டா பாதி தடுமாற்றம் போயிடும்.

நீலாம்பல்:
எனக்கு இதுல கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கு. முழுசா படிச்சுட்டுதான் வரணும்னு சொன்னா பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டாங்க, எத்தனை பேர பாத்திருக்கேன். எனக்கு நேர் எதிரா நடந்துச்சு. ரெண்டாவது புத்தகத்துல மிஸ் ஹாவிஷாம் வருவாங்க, டிக்கன்ஸோட கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்ல கல்யாண டிரஸ்ஸோட இருட்டுல உக்காந்திருக்கற அதே அம்மா, இங்க தர்ஸ்டேக்கு வேலை கத்துக் கொடுக்கற குரு, கார தாறுமாறான வேகத்துல ஓட்டறவங்க. அவங்கள எனக்கு அவ்ளோ பிடிச்சுப் போய் அதுக்கப்புறம்தான் டிக்கன்ஸ தேடிப் படிச்சேன். அங்க அவங்க தனியா உக்காந்திருக்கறதப் படிக்கும்போது தொண்டை அடைச்சுது, இவங்களுக்கு வெளிய ஒரு வாழ்க்கை இருக்குன்னு எனக்குத் தெரியும் ஆனா அந்த நாவலுக்குத் தெரியாதுங்கற மாதிரி ஒரு உணர்வு. முதல்ல டிக்கன்ஸ் படிச்சிருந்தா இது எனக்குக் கெடச்சிருக்காது.

இந்த சீரிஸ் சிரிப்புப் புத்தகம்னு சொல்லித்தான் விக்கறாங்க. எனக்கு அதுல ஒட்டிக்கிட்டது சின்னப் பாத்திரங்கள் மேல அதுக்கு இருக்கற அக்கறை. மூணாவது புத்தகம் முழுக்க இன்னும் வெளிவராத நாவல்கள் இருக்கற இடத்துலதான் நடக்குது, பெரிய நூலகத்துக்குக் கீழ 26 அடித்தளம், அங்க பேரே வைக்காத பாத்திரங்கள் காத்துக்கிட்டு இருக்காங்க. அந்தப் புத்தகம் வேகமா போகாது, கதை நகரலன்னு நிறைய பேர் குறை சொல்வாங்க, எனக்கு ஏழுலயும் அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

ஒரு நடைமுறை விஷயமும் சொல்லணும், காகிதப் புத்தகமாவே வாங்குங்க. அடிக்குறிப்பு வழியா பாத்திரங்கள் ஃபோன் பேசிக்கற மாதிரி வரும், மின்புத்தகத்துல அது தனிப் பக்கமா தள்ளிப் போயிட்டா படிக்கற ஓட்டமே கெட்டுடும். எழுத்துப்பிழைய பரப்பற ஒரு வைரஸும் வருது, அந்த இடத்துல வரியே தப்புத்தப்பா அச்சாகியிருக்கும், அச்சுக்கோளாறுன்னு நினைச்சுடாதீங்க. ஆடியோவுல இதெல்லாம் காதுக்கு எட்டவே எட்டாது.

பிரிஸ்டல்மணி:
நான் பிரிஸ்டல்ல இருக்கேன், லண்டன் போற ட்ரெயின், தர்ஸ்டே கதை நடக்கற ஸ்விண்டன் வழியாதான் போகும். ரயில்வே பட்டறைய நம்பி வளந்த ஊரு, சுத்திப் பாக்க யாரும் தேடி வர்ற ஊர் கிடையாது. அந்த ஊர ஃபோர்ட் எடுத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்த எழுதினது யாருன்னு வீடு வீடா கதவத் தட்டி வாதாடற ஊராவும், மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்துல முன்வரிசை ஜனமே வசனத்துக்கு எதிர்க்குரல் கொடுக்கற ஊராவும் மாத்திட்டார். அந்த நாடக அத்தியாயத்துக்கு ரிச்சர்ட் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல, நம்ம ஊர்ல முதல் நாள் முதல் ஷோ பாத்தவங்களுக்கு ஒரு வரி விடாம புரியும். ஸ்விண்டன்ல புதுசா வந்த ஒரு குடியிருப்புல சில தெருக்களுக்கு இந்தக் கதாபாத்திரங்கள் பேர வெச்சிருக்காங்க. இவர் முதல்ல சினிமாவுல கேமரா பிரிவுல வேலை பாத்தவர், முதல் புத்தகம் ஏத்துக்கப்படறதுக்கு முன்னாடி 76 தடவ நிராகரிக்கப்பட்டிருக்கார், அத நினைச்சா அந்தத் தெருப் பேரெல்லாம் எனக்கு இன்னும் பெருசாத் தெரியுது.

மழைக்காகிதம்:
மூணு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீலாம்பல் சொன்னதுதான் மனசுக்கு நெருக்கமா இருந்துச்சு, ஆனாலும் கரிசல்வாசகன் பேச்சத்தான் கேட்டேன், அயர் அஃபேர ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சுட்டு ஜேன் அயர் எடுத்தேன். இப்ப பன்னண்டாவது அத்தியாயம். ஜேன் தபால் போட ஹே கிராமத்துக்கு நடந்து போறா, சாயங்காலம், வழியெல்லாம் பனி உறைஞ்சு கெடக்கு, தூரத்துல குதிரைச் சத்தம், முதல்ல நாய் வருது, அப்புறம் குதிரை வழுக்கி ராச்செஸ்டர் கீழ விழறார். தர்ஸ்டே போயிட்டு வந்த இடம் இதுதானே? பக்கத்த திருப்பாம அந்தப் பத்தியவே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருந்தேன், பாதை ஓரத்துல ஒரு சின்னப் பொண்ணு நிக்கறாளான்னு.