நாய் பச்சைக் கறியைத் தின்னுடுச்சு, என்ன செய்யணும்?

கேள்வி (கம்பம்): கறிக்கடையில் வாங்கி வச்ச அரைக் கிலோ கோழியை எலும்போட நாய் முழுங்கிடுச்சு. 12 கிலோ எடை, 2 வயசு. உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். உப்பு அதிகமானா வலிப்பே வரும்; எலும்பு மேலே வரும்போது தொண்டையைக் கிழிக்கும். பச்சை எலும்பு வெந்த எலும்பு மாதிரி ஊசியா உடையாது, பெரும்பாலும் செரிச்சுடும். கறி வாங்கின பை இருக்கான்னு பாருங்க. பிளாஸ்டிக்கும் கூடப் போயிருந்தா குடல் அடைக்கும், அது கறியைவிட மோசம். தண்ணி தாராளமா வைங்க. அடுத்த வேளை குழைஞ்ச சோறு கொஞ்சம், உப்பு மசாலா இல்லாம. சால்மொனெல்லா (பச்சைக் கறியில் இருக்கிற ஒரு கிருமி) தொத்தி நோய் வந்தா சில நாளுக்குள்ள பேதி, காய்ச்சல் தெரியும்.

பதில் 2: மசாலா தடவின கறியா அண்ணே? வெங்காயம், பூண்டு சேர்ந்திருந்தா ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பல நாள் கழிச்சுத்தான் ஈறு வெளுக்கும், மூத்திரம் கருஞ்சிவப்பாகும். இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

பதில் 3: திரும்பத் திரும்ப வாந்தி, வயிறு கல்லு மாதிரி இறுகுறது, முக்கியும் மலம் வராதது, ரத்தப் பேதி: இதில் ஒண்ணு இருந்தாலும் உடனே எக்ஸ்ரே. பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க, ஈரலைக் கெடுக்கும். ஒரு வாரம் மலத்தை அள்ளினதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க; நாய்க்கு ஒண்ணும் இல்லாட்டியும் கிருமி அதில் வரும். பிள்ளைகள் முகத்தை நக்க விடாதீங்க.