பஸ் மனுவில் எந்த மக்கள்தொகையை எழுதுவது?

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னேரியிலிருந்து நம்ம ஊருக்கு பஸ் கேட்கும் மனுவில் ‘மக்கள்தொகை’ என்ற இடத்துக்கு ஆளுக்கொரு எண் வந்திருக்கிறது. துபாய்த் தம்பி அனுப்பியது ஊராட்சி முழுவதற்கும் உள்ளது. தண்டையார்பேட்டை அண்ணன் தந்தது வருவாய் கிராமத்துக்கானது. இரண்டும் சரியான எண்கள்தான், ஆனால் நாம் கேட்கும் தடத்துக்கு இரண்டும் பொருந்தாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு வருவாய் கிராமத்தைத்தான் அலகாக எடுக்கிறது. ஆறு இலக்கக் குறியீடு ஒன்றுக்குள் ஊர், காலனி, குப்பம் எல்லாம் சேர்ந்தே கிடக்கும். பஸ் வர நல்ல சாலை வேண்டும்; அதைப் போட்டுத் தரும் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் (2000-இல் தொடங்கியது) பார்ப்பதோ குடியிருப்பை, அதாவது ஊர், காலனி, குப்பம் என்று தனித்தனியாக. சமவெளியில் 500 பேர் வேண்டும். எட்டாவிட்டால், 500 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் பக்கத்துக் குடியிருப்புகளையும் கூட்டிக் காட்டலாம், விதியே அனுமதிக்கிறது. 480 பேர்தானே என்று மனுவை மடித்து வைத்த ஊர்கள் உண்டு. அந்தத் தப்பு நமக்கு வேண்டாம்.

ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருப்பதால் சிங்கப்பூரில் இருப்பவரை ஊர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். கணக்கெடுப்புக் காலம் முழுக்க வெளியூரில் இருப்பவர் இங்கே எண்ணப்பட மாட்டார். அடுத்த கணக்கெடுப்புக்கு அடிப்படை நாள் 2027 மார்ச் 1. நம் கையில் இருக்கும் 2011 எண்ணிலும் ஒரு பயன் உண்டு: அதில் 0–6 வயதுப் பிள்ளைகள் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அவர்கள்தான் இன்றைக்குப் பொன்னேரி அரசுக் கல்லூரிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் போகிற வயதில் இருப்பவர்கள். மொத்தத் தொகையைவிட இந்த எண்ணை முன்னால் போடுங்கள்.

கையேட்டின் போக்குவரத்துப் பத்தியில் ‘ஏ’ என்று இருந்தால் பஸ் வசதி இருக்கிறது என்று பலர் படிக்கிறார்கள். உண்மையில் அது ஊரில் பஸ் இல்லை, 5 கிலோமீட்டருக்குள் கிடைக்கும் என்பதற்கான குறி. ‘பி’ 5 முதல் 10 வரை, ‘சி’ அதற்கும் மேல்.

இனி சாலை. மனு பெரும்பாலும் நிற்பது இங்கேதான். கிராமச் சாலையில் தார் 3.75 மீட்டர், போக்குவரத்து குறைந்த இடத்தில் 3 மீட்டர். பஸ்ஸின் அகலமே கிட்டத்தட்ட 2.5 மீட்டர். எதிரே நெல் லாரி வந்தால் ஒதுங்க இடம் வேண்டும், கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்ப இடம் வேண்டும். கோயில் எதிரே உள்ள திடல் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேளுங்கள். வாய்க்கால் மேலுள்ள சிறுபாலத்தின் அகலத்தைக் கைப்பிடிச்சுவருக்கு உட்பக்கமாக டேப் வைத்து அளக்கணும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியையும் குறித்துக்கொள்ளுங்கள். தரைப்பாலம் மழையில் எத்தனை நாள் மூழ்குகிறது என்பதை நாமே எழுதிவிடுவது நல்லது, ஆய்வுக்கு வருபவர் அதைக் கண்டுபிடித்தால் தடமே போய்விடும்.

பெரிய பஸ்ஸுக்கு வழியில்லை என்றால் மினி பஸ். தமிழக அரசின் புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி ஏற்கெனவே பஸ் ஓடாத சாலையாக இருக்கணும். ஆனால் ஒன்று: மினி பஸ்ஸை ஓட்டுபவர் தனியார். கட்டணமில்லாப் பயணம் பெண்களுக்கு 2021-இல் வந்தது அரசு டவுன் பஸ்ஸில்தான். எது வேண்டும் என்று ஊர்ப் பெண்களிடம் கேட்காமல் நாம் இங்கே உட்கார்ந்து முடிவெடுப்பது சரியில்லை.

நேரம் கேட்கும்போது ‘காலை ஒன்று, மாலை ஒன்று’ என்று பொதுவாக எழுத வேண்டாம். கும்மிடிப்பூண்டி – சென்னை மின்ரயில் பொன்னேரியிலிருந்து கிளம்பும் நேரத்தைப் பார்த்து, பஸ் அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஸ்டேஷன் வந்துசேரும்படி கேளுங்கள். திருவொற்றியூர், கொருக்குப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு நடை தவறினால் மற்ற நடைகளால் பயனில்லை.