ஷீட் வீட்டுக்கு வெள்ளை பெயிண்ட் மட்டும் போதுமா?

வெயிலோன்:
வடசென்னையில் எங்கள் குழு 200 ஷீட் வீடுகளின் கூரைக்கு வெயிலைத் தடுக்கும் வெள்ளை பெயிண்ட் அடிக்கப்போகிறது. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் முடிக்கணும். "ஒயரிங்கையும் சேர்த்துச் சரிபண்ணுங்க, இல்லாட்டி கூரையில் கை வைக்காதீங்க" என்று கூட்டத்தில் சிலர் சொன்னாங்க. அப்படிச் செய்தால் கையிலிருக்கும் பணம் 60 வீட்டுக்குத்தான் வரும். மிச்சம் 140 வீட்டை வெயிலில் விடுறதா?

ஒயர்மேன் சேகர்:
சொன்னதில் நானும் ஒருத்தன். 22 வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஒரு தகரக் கூரை வீடு. சர்வீஸ் ஒயர் விளிம்பில் உரசி உரசி, தோல் போய் உள்ளே கம்பி தெரியுது. துணி காயப்போடுற கொடியும் அதே தகரத்தில்தான் கட்டியிருக்கு. அந்தக் கூரையில ஒரு பையனை ஈர பிரஷ்ஷோட ஏத்திவிடுவீங்களா தம்பி?

சிமெண்ட் ஷீட்டுன்னா வேற கதை. பழைய ஷீட்டு ஆள் ஏறினா உடையும். பெயிண்ட் பிடிக்கணும்னா பாசியைச் சுரண்டணும். காய்ஞ்ச ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சா அதுல கலந்திருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் நார் பறக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வேலைக்கு வர்ற பையனும் கீழே தூங்குற குழந்தையும்தான் அதைச் சுவாசிக்கணும்.

கணக்குப்பிள்ளை:
சேகர் அண்ணே, நீங்க சொல்ற ஆபத்தை நான் மறுக்கல. ஆனா 'முதல்ல பாதுகாப்பு' என்று நிபந்தனை போட்டால் என்ன ஆகும்னு அமெரிக்காவைப் பாருங்க. ஏழை வீடுகளுக்கு வெப்பக்காப்பு செய்துதரும் அரசுத் திட்டம் அங்கே 1976-லிருந்து நடக்குது. கூரை ஒழுகுது, சுவரில் பூஞ்சணம், ஒயரிங் பழசு என்றால் "அதைச் சரிபண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிடுவாங்க. சரிபண்ணக் காசு இருந்தா அவங்க ஏன் வரிசையில நிக்கணும்? ரொம்ப மோசமான வீட்டுக்குத்தான் ஒண்ணுமே கிடைக்கல.

ஒயர்மேன் சேகர்:
பழுது பார்க்கவே 2022-ல தனி நிதி ஒதுக்கினாங்களே, அதையும் சொல்லுங்க. நான் யாரையும் திருப்பி அனுப்பச் சொல்லல. ஏணியை எடுத்துட்டுப் போற அதே நாள்ல சேர்த்துப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

முழு ஒயரிங்கும் மாத்த வேணாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது போர்டிலிருந்து வீட்டுக்குள்ள போற ஒயர்ல கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், ஒண்ணு போர்டுல போட்டா சுமார் 2,000 ரூபாய். எர்த் இல்லாத வீட்டில் அது வேலை செய்யாதுன்னு பலபேர் நினைக்கிறாங்க. தப்பு. ஆள் உடம்பு வழியா கரண்ட் தரைக்கு இறங்கினாலும் அது கட் பண்ணிடும். எர்த் இருந்தா, ஆள் தொடுறதுக்கு முன்னாடியே கட் ஆகும்.

கணக்குப்பிள்ளை:
200 வீட்டுக்கு 4 லட்சம், அண்ணே. அதே பணத்தில் கரண்ட் கம்மியா இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் கொடுக்கலாம். பழைய ஃபேன் 75 வாட்ஸ், இது 30. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் மிச்சம்.

மல்லிகா:
வாடகை ஷீட் வீட்டில்தான் இருக்கேன், அதனால சொல்றேன். மீட்டர் ஓனர் பேர்ல. 100 யூனிட் இலவசம் எங்களுக்கு வர்றதே இல்ல, யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வாங்குறார். அந்த 40 யூனிட் எனக்கு 320 ரூபாய், சின்னக் காசு இல்ல. ஆனா சேகர் அண்ணன் சொல்றதுதான் பயமா இருக்கு. சூடு தாங்காம பக்கத்து வீட்டில் ஷீட்டுக்குக் கீழே தெர்மாகோல் ஒட்டினாங்க. அதுக்கு மேலதான் ஃபேன் ஒயர், டேப் சுத்தின மூணு ஜாயிண்ட்டு. கீழே கேஸ் அடுப்பு. ஜன்னலே இல்லாத வீடு. ஒரு பொறி பட்டா என்னாகும்னு ராத்திரி தூக்கம் வரல.

கணக்குப்பிள்ளை:
அக்கா, தெர்மாகோலை நான் யோசிக்கவே இல்ல. பற்றினால் உருகிச் சொட்டும், கரும்புகை வேற. அந்த மாதிரி வீட்டில் முதலில் ஒயர்தான், ஒத்துக்கிறேன். ஆனா 200-க்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது.

வெயிலோன்:
அப்படின்னா பெயிண்ட் வாங்குறதுக்கு முன்னால் வீடு வீடா ஒரு சுற்று பார்த்துடலாம். சேகர் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வரமுடியுமா? சர்வீஸ் ஒயர், ஜாயிண்ட், தெர்மாகோல் இந்த மூணையும் குறிச்சுக்குவோம். ஷீட்டை நனைச்சுத்தான் கழுவணும்னு பசங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்.

ஒயர்மேன் சேகர்:
வர்றேன். காலையில 7 மணிக்கே ஆரம்பிக்கணும், பத்துக்கு மேல அந்தக் கூரைக்குக் கீழே நிக்க முடியாது.

மல்லிகா:
எங்க தெருவுக்கு வரும்போது முதல்ல ஓனர்கிட்ட பேசுங்க அண்ணே. போர்டைத் தொட அவர்தான் விடணும். வீடு நல்லாயிடுச்சுன்னு வாடகையை ஏத்த மாட்டேன்னு ஒரு வார்த்தையும் வாங்கிடுங்க.