புதுப்பிப்பு: அப்டேட்டுக்குப் பிறகு உறைந்துபோன டேப்லெட்

ஆண்ட்ராய்டு 12 ஏற்றியதிலிருந்து அம்மாவின் டேப்லெட் உறைந்துபோகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். தீர்ந்துவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பலரும் சொன்னபடி, காலையில் ரெகவரிக்குள் (டேப்லெட் முழுதாகத் தொடங்குமுன் வரும் பழுதுநீக்கும் திரை) போய் கேஷை, அதாவது தற்காலிகக் கோப்புகளை, அழித்தேன். பகல் முழுக்க ஒழுங்காக இருந்தது. இரவு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். திரை தொடுதலுக்கு அசையவில்லை, ஆனால் மேலே கடிகாரம் 8:42இலிருந்து 8:43 ஆனது. பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் டேப்லெட் உறையவே இல்லை, விரல்தான் அதற்குப் போய்ச் சேரவில்லை!

சேஃப் மோடில் போட்டுப் பார்த்தேன். நாமாக இறக்கிய செயலிகள் அதில் ஓடாது. இரவு முழுக்க ஒரு சிக்கலும் இல்லை. ஆக, ஏதோ ஒரு செயலி.

கண் கூசாமலிருக்க நானே எப்போதோ போட்டுக்கொடுத்த திரை மங்கச் செய்யும் செயலிதான் அது. இரவு 8 மணிக்குத் தானாக விழித்து, திரைமேல் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கை விரிக்கும். அம்மா அதைக் கிட்டத்தட்ட முழு அளவுக்கு ஏற்றி வைத்திருந்தார். ஆண்ட்ராய்டு 12இலிருந்து, இன்னொரு செயலி விரித்த அடுக்கு 80 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியாக இருந்தால் தொடுதல் அதைத் தாண்டிக் கீழே போகாது. பாதுகாப்புக்காக வைத்த தடை.

செயலியை நீக்கிவிட்டு, அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியிலேயே இருக்கும் 'கூடுதல் மங்கல்' (Extra dim) வசதியைப் போட்டுவிட்டேன். நான்கு இரவுகள் ஆகிவிட்டன. "முன்னாடி இன்னும் இருட்டா இருந்துச்சே" என்பதுதான் இப்போது அம்மாவின் ஒரே குறை.