தாலுகா ஆஸ்பத்திரியில் காய்ச்சல் சீசன்: மூன்று டாக்டர்களை வைத்து 600 ஓபியை எப்படிச் சமாளிப்பது?

மழைக்கால டியூட்டி (கேள்வி)

வணக்கம். தாலுகா மருத்துவமனை, 40 படுக்கை. காலை ஓபியில் (வெளிநோயாளிப் பிரிவு) மூன்று டாக்டர்கள் உட்காருகிறோம். நான்காமவருக்கு வார்டு, கேஷுவாலிட்டி, பிரசவ அறை. மற்ற மாதங்களில் நாளுக்கு 350 ஓபி சீட்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் திங்கட்கிழமை என்றால் 600-ஐத் தொடுகிறது, பாதிப் பேர் காய்ச்சல். கூடுதல் டாக்டர் கேட்டு எழுதியாயிற்று. அது வரும்போது வரட்டும். இருக்கிற ஆட்களை வைத்து ஓபி, வார்டு, மருந்து மூன்றையும் எப்படி ஒழுங்குபடுத்தலாம்? டெங்கு சந்தேகத்தில் யாரை அட்மிட் செய்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதில் தினமும் இழுபறி.

சிவப்பு மஞ்சள் பச்சை

முதலில் கணக்கைப் பாருங்கள் டாக்டர். காலை 7.30 முதல் 12 வரை 270 நிமிடம். மூன்று பேருக்கும் சேர்த்து 810. 600 சீட்டு என்றால் ஆளுக்கு 81 விநாடி. அதற்குள் பி.பி. கூடப் பார்க்க முடியாது. வேகமாகப் பார்ப்பதால் இது தீராது. டாக்டர் பார்க்கத் தேவையில்லாதவர்களை டாக்டர் வரிசையிலிருந்து எடுத்தால்தான் தீரும்.

அந்த 600-ல் பி.பி., சுகர் மாத்திரைக்கு மட்டும் வருபவர்கள் எத்தனை, கட்டு மாற்ற, ஊசி போட வருபவர்கள் எத்தனை என்று ஒரு வாரம் சீட்டில் குறித்து எண்ணுங்கள். இவர்கள் 280 பேர் என்று வந்தால் மிச்சம் 320. அதே 810 நிமிடத்தில் ஆளுக்கு இரண்டரை நிமிடம் கிடைக்கும். மாத்திரைக்காரர்களைத் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸிடம் தனி அறையில் விடுங்கள். பி.பி. 160/100-க்கு மேல், சுகர் ஏறுமாறாக இருக்கிறது, காலில் புண் என்றால் மட்டும் டாக்டரிடம் வரட்டும். நிலையாக இருப்பவர்களை மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்த்துவிட்டால் மாத்திரை வீட்டுக்கே போய்விடும். சேராதவர்களுக்குத் திங்கள் வேண்டாம், புதன், வியாழன் என்று நோட்டிலேயே தேதி எழுதிக் கொடுங்கள். வெறும் வயிற்றில் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களைக் காய்ச்சல் வரிசைக்குப் பின்னால் நிறுத்தினால் பத்து மணி வரை பட்டினி. சுகர் மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள் மயங்கி விழுவது அங்கேதான்.

காய்ச்சலுக்கு வருவோம். சீட்டு கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் நிற்க வேண்டும், பின்னால் அல்ல. எத்தனையாவது நாள் காய்ச்சல், வாந்தி நிற்காமல் இருக்கிறதா, வயிறு வலிக்கிறதா, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது, இவ்வளவு கேட்டால் போதும். கையைத் தொட்டால் சில்லென்று இருப்பவர், எழுந்து நிற்கத் தள்ளாடுபவர் வரிசையில் நிற்கவே கூடாது; நேராகச் சிவப்புப் பகுதி (அவசர நோயாளிகளுக்கான இடம்).

அட்மிஷனுக்கு என் அளவுகோல் பிளேட்லெட் எண்ணிக்கை அல்ல. எச்சரிக்கை அறிகுறிகள்: விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறு மூக்கில் ரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, கல்லீரல் 2 செ.மீ.க்கு மேல் வீங்கியிருப்பது, பிளேட்லெட் சரியச் சரிய ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவது. இதில் ஒன்று இருந்தாலும் படுக்கை. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை அல்லது சிறுநீரக நோயாளி, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் ஆகியோருக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் படுக்கை. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஆபத்துக் கட்டம் தாண்டும்வரை தினமும் வந்து காட்ட வேண்டும். 80,000 பிளேட்லெட்டோடு நன்றாகச் சாப்பிட்டு நடமாடுபவரைப் படுக்கவைத்துவிட்டு, 1,20,000 இருக்கிறதே என்று வயிற்று வலிக்காரரை வீட்டுக்கு அனுப்புவதுதான் நம்மூரில் நடக்கும் பெரிய தவறு.

"ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்பார்கள். டைக்ளோஃபெனாக் ஊசி சீசன் முடியும்வரை காய்ச்சல்காரர் யாருக்கும் கிடையாது என்று ஊசி அறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரினும் அப்படியே. பாரசிட்டமால் மட்டும்.

வார்டு சிஸ்டர்

மேலே சொன்னதோடு வார்டுப் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

டெங்குவில் மோசமாவது காய்ச்சல் அடிக்கும்போது அல்ல, காய்ச்சல் விட்ட பிறகு. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அன்றைக்குத்தான் வீட்டார், "உடம்பு ஆறிப்போச்சு சிஸ்டர், டிஸ்சார்ஜ் போடுங்க" என்று வந்து நிற்பார்கள். ஆகவே கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் காய்ச்சலின் எத்தனையாவது நாள், கடைசியாகக் காய்ச்சல் அடித்த நேரம் இரண்டையும் பெரிதாக எழுதுங்கள். காய்ச்சல் விட்ட முதல் நாளில் இருப்பவர்களை நர்ஸ் மேசைக்கு எதிரே உள்ள கட்டில்களுக்கு மாற்றுங்கள். அட்மிட் ஆன வரிசையில் கட்டில் கொடுத்தால், பார்த்தே ஆகவேண்டிய ஆள் வராந்தாக் கோடியில் கிடப்பார்.

பி.பி.யில் மேல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 100/80 பார்க்க நன்றாகத் தெரியும். மேல், கீழ் எண்களின் இடைவெளி 20 தான், அது ஷாக் (ரத்த ஓட்டம் சரியும் நிலை). குழந்தைகளுக்குச் சின்ன கஃப் (பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) வேண்டும். பெரியவர் கஃபைச் சுற்றினால் பி.பி. உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். தேவையில்லாமல் டிரிப்ஸ் ஓடும்.

டிரிப்ஸ் விஷயத்தில் "ஒரு பாட்டில் ஏத்துங்க" என்ற ஆர்டரே இருக்கக் கூடாது. எச்சரிக்கை அறிகுறி உள்ள, ஷாக் இல்லாத 60 கிலோ ஆளுக்கு நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கிலோவுக்கு 5 மி.லி., அதாவது மணிக்கு 300. நன்றாக இருந்தால் அடுத்த சில மணி நேரம் 180, பிறகு 120. மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் மணிக்கான அளவை 3-ஆல் வகுத்தால் நிமிடச் சொட்டு: 100, 60, 40. செட் கவரில் சொட்டு அளவு அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் வேகமாக ஓடவிட்டுத் தூங்கவைத்தால் அந்தத் தண்ணீர் நெஞ்சிலும் வயிற்றிலும் கோத்து, தேறும் நேரத்தில் மூச்சுத் திணறல் வரும்.

டிஸ்சார்ஜ்: மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது, பிளேட்லெட் 50,000-க்கு மேல். யார் யார் என்று முந்தின இரவே பட்டியல் போட்டு, காலை ரவுண்ட்ஸை அந்தக் கட்டில்களிலிருந்து ஆரம்பித்தால் ஒன்பது மணிக்குப் படுக்கை காலி. இல்லாவிட்டால் ஓபியில் அட்மிஷன் போட்டவர் மூன்று மணி வரை பெஞ்சில்தான்.

கொசுவலை பகலிலும் கட்ட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு, நோய் வார்டுக்குள்ளேயே பரவும்.

மருந்தகம்

டாக்டர் சிஸ்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசியில் எல்லோரும் ஒரே ஜன்னலில் வந்து நிற்பார்கள். காய்ச்சலுக்கு ஒரு ஜன்னல், மாதாந்திர மாத்திரைக்கு ஒரு ஜன்னல் என்று பிரியுங்கள். இரண்டாவதற்கு ஜன்னல்கூட வேண்டாம். தொற்றா நோய் அறையிலேயே ஒரு மேசை போதும்.

இருப்புக் கணக்கு: நாளுக்கு 300 காய்ச்சல், ஆளுக்கு 10 பாரசிட்டமால் என்றால் 3,000. 25 ஓபி நாளுக்கு 75,000. இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆவணியிலேயே பாஸ்புக்கில் (ஆஸ்பத்திரியின் மருந்து ஒதுக்கீட்டுக் கணக்கு) எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, மருத்துவப் பணிகள் கழகக் கிடங்குக்கு இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போட வேண்டும். ஐப்பசியில் எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே சமயத்தில் கேட்கும். ஓ.ஆர்.எஸ்., ரிங்கர் லாக்டேட், டிரிப் செட், 22, 24 அளவு கேனுலாவுக்கும் (டிரிப்ஸுக்காக ரத்த நாளத்தில் செருகும் சிறு குழாய்) இதே கணக்கு. சலைன் இருந்து கேனுலா தீர்ந்தாலும் நின்றுவிடும்.

முந்தின மாலையே பாக்கெட் போட்டு வைக்கலாம். ஒரு மேசையில் ஒரு மருந்துதான். ஸ்டிரிப்பை வெட்டும்போது பேட்ச் எண், காலாவதித் தேதி அச்சிட்ட முனையைக் கடைசிவரை விட்டுவைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். அந்த முனை முதலில் போய்விட்டால் மிச்சம் எந்த பேட்ச் என்று யாராலும் சொல்ல முடியாது.

லேப் பக்கம்

எல்லோருக்கும் முதல் நாளே ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட் எழுதாதீர்கள். எச்சரிக்கை அறிகுறி இல்லாத இளைஞருக்கு மூன்றாம் நாளிலிருந்து போதும். என்.எஸ்.1 (டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் டெஸ்ட்) முதல் ஐந்து நாளுக்குள், அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் டெஸ்ட்). ஏழாம் நாள் என்.எஸ்.1 நெகட்டிவ் என்று டெங்கு இல்லை எனச் சொல்லிவிடாதீர்கள். சாம்பிள் 9 மணிக்கு ஒரு தொகுதி, 10.30-க்கு ஒரு தொகுதி என்று வந்தால் 12-க்குள் முடிவு தரலாம். ஊதா மூடிக் குழாயை எடுத்த உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டச் சொல்லுங்கள். ரத்தம் உறைந்தால் மெஷின் பிளேட்லெட்டைக் குறைத்துக் காட்டும். ஆள் நன்றாக இருந்து எண்ணிக்கை 20,000 என்று வந்தால் முதலில் சிலைடை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர்.

மழைக்கால டியூட்டி

மிக்க நன்றி. ஓபி பிரிப்பதைத் திங்களே ஆரம்பிக்கிறோம். ஒரு சந்தேகம்: இரவில் வார்டுக்கு ஒரே ஸ்டாஃப் நர்ஸ். 40 பேருக்கும் மணிக்கொரு முறை பி.பி. நடக்காது. யாருக்குக் கட்டாயம்? மருத்துவக் கல்லூரிக்கு எப்போது அனுப்புவது?

சிவப்பு மஞ்சள் பச்சை

காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் ஆகாதவர்கள், டிரிப்ஸ் ஓடுபவர்கள், அன்று அட்மிட் ஆன எச்சரிக்கை அறிகுறிக்காரர்கள். இவர்களுக்கு மட்டும் மணிக்கொரு முறை நாடி, பி.பி., கைகால் சூடு. சிறுநீர் அளவு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி.க்குக் குறையக் கூடாது. மற்றவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். சிஸ்டர் சொன்ன மாதிரி அந்தக் கட்டில்கள் மேசைக்கு எதிரே இருந்தால் ஒருவரே பார்த்துவிடலாம்.

பிளேட்லெட் எண்ணிக்கைக்காக மட்டும் அனுப்பாதீர்கள். ரத்தக் கசிவு இல்லாதவருக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவதால் பயனில்லை. பி.பி. இடைவெளி 20-க்குள், கைகால் சில்லிப்பு என்றால் உடனே கிலோவுக்கு 10 மி.லி. சலைன் ஒரு மணி நேரத்தில் ஓடட்டும். தேறாவிட்டால், ரத்தம் கசிந்தால், குழப்பமாகப் பேசினால், மூச்சு வாங்கினால் 108. டிரிப்ஸ் ஓடிக்கொண்டே போக வேண்டும். வண்டியில் ஏற்றும்போது கழற்றிவிட்டால் வழியிலேயே சரிந்துவிடுவார். அங்குள்ள டியூட்டி டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, கடிதத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு திரவம் போனது, முதல் ஹிமட்டோகிரிட், கடைசி ஹிமட்டோகிரிட், கடைசியாகச் சிறுநீர் போன நேரம் இவற்றை எழுதுங்கள். "மேல்சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.